பாக் வந்த வீடு

சூரமங்கலத்தில் நான் குடியிருக்கும் தெருவிலிருந்து சேலம் ரயில் சந்திப்பு நடக்கும் தூரம்தான். மாலையில் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் ரயில் வரும் அறிவிப்பு பாதியும் புரியாத பாதியுமாகக் காற்றில் வந்து சேரும். அந்த நேரத்தில் நான் பாட்டுக் கேட்பதில்லை. சொற்கள் காதில் விழுந்தால் தாளில் இருக்கும் சொற்கள் நகராது. அதனால் பல ஆண்டுகளாக என் மாலைகளில் ஓடுவது ஒரே தொகுப்பு. 1986இல் வெளிவந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’. பாடகர் இல்லை, பாடலாசிரியர் இல்லை. வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னே நடக்க, தந்திக் கருவிகளின் கூட்டம் பின்தொடர்ந்தும் எதிர்த்தும் வருகிற பத்து இசைத் துண்டுகள்.

இந்தக் கட்டுரை அந்தத் தொகுப்பைப் பற்றியது. ஆனால் இதை எழுதத் தூண்டியவள் என் மாணவி ஒருத்தி. முதுகலை வகுப்பில் பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தைத் திரையிடுவதற்கு முந்தைய நாள், இத்தொகுப்பிலிருந்து ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற துண்டைப் போட்டுக் காட்டினேன். செபாஸ்டியன் பாக் 1685இல் பிறந்த ஜெர்மானிய இசைமேதை, இங்கே ஒரு தமிழ் இசையமைப்பாளர் அவரைத் தன் வீட்டில் சந்தித்ததாகக் கற்பனை செய்கிறார், அடுத்த துண்டின் பெயர் ‘அண்ட் வி ஹேட் எ டாக்’, அதாவது இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று விளக்கினேன். சிவதாபுரம் பக்கமிருந்து வரும் ஒரு பெண் கையைத் தூக்கினாள். அவள் வீட்டின் முன்னறைதான் கொலுசுப் பட்டறை. அம்மாவும் பாட்டியும் நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.

“அம்மா, ரெண்டு பேரும் பேசிட்டு இருந்தாங்க சரி. காபி போட்டது யாருங்கம்மா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். அன்று இரவு அதே துண்டைக் கேட்டபோது அந்தக் கேள்வி சிரிப்பாக இல்லை. பட்டறையாக மாறிவிட்ட வீட்டில் வளர்ந்த பெண் ‘என் வீடு’ என்ற சொல்லைக் கேட்டதும் முதலில் யோசித்தது அங்கே யார் வேலை செய்கிறார்கள் என்பதை. இத்தனை ஆண்டுகள் கேட்டும் எனக்கு அது தோன்றவில்லை.

*

முதலில் தொகுப்புக்கு உரிய மரியாதையைச் செய்துவிட வேண்டும். பண்ணைப்புரத்திலிருந்து வந்து, சபாக்களின் குருகுல வரிசையிலோ உறவுமுறையிலோ இடம்பெறாமல், திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் தன் இசையை உருவாக்கிக்கொண்டவர் இளையராஜா. அவர் இந்தத் தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். கர்நாடக இசை யாருடைய சொத்து, மேற்கத்திய செவ்வியல் யாருடைய சொத்து என்று வேலி போட்டு வைத்திருந்தவர்களிடம் அனுமதி கேட்காமல் இருவரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தார். ‘என் வீட்டில்’ என்று அவர் சொல்லும்போது அதில் ஓர் உரிமைக்குரல் இருக்கிறது. யார் வீட்டுத் திண்ணை வரை யார் வரலாம் என்று விதித்த சமூகத்தில், உலகின் ஆகப் பெரிய விருந்தாளியைத் தன் வீட்டுக்கே வரவழைத்த குரல் அது. பெண்ணியம் பேசுகிறேன் என்று இதைப் பார்க்கத் தவறினால் என் வாசிப்பு அரைகுறையாகிவிடும்.

இசையிலும் அந்தச் சந்திப்பு வெறும் அலங்காரம் இல்லை. ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ துண்டில் கேட்பது, தனி வயலினுக்காகப் பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசை. மூச்சு விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும் சுரங்கள். அந்த ஓட்டத்தோடு இளையராஜா எழுதிய வேறொரு இழை வந்து சேர்கிறது. பாக்கின் சுரங்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் பக்கத்தில் புதிய ஆள் வந்து உட்கார்ந்ததும் பழைய பேச்சின் பொருள் மாறுவதைப் போல அவை வேறு மாதிரி ஒலிக்கின்றன. தொகுப்பு முழுவதும் நரசிம்மனின் வயலின் கமகங்களோடு வளைந்து செல்லும்போது அதன் கீழே தந்திகள் தனித்தனி வழிகளில் நகர்கின்றன. ஒற்றை இழையில் நடக்கும் நம் மரபும் பல இழைகளை ஒரே நேரத்தில் நடத்தும் அவர்கள் மரபும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கின்றன. கேட்டு முடிக்கும்போது நெஞ்சில் மிஞ்சுவது ஏக்கம். எதற்கான ஏக்கம் என்று சொல்லத் தெரியாத ஏக்கம். எப்படிப் பெயரிடுவது என்று தொகுப்பின் தலைப்பே கேட்பது பொருத்தம்தான்.

*

பெயரில்லாமை தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. அகத்திணைப் பாடலில் தலைவன் பெயரையோ தலைவி பெயரையோ சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பெயர் வந்துவிட்டால் அது அகம் ஆகாது. பெயர் இல்லாததால்தான் அந்தத் தலைவியின் காத்திருப்புக்குள் இரண்டாயிரம் ஆண்டு கழித்துச் சூரமங்கலத்தில் இருக்கும் ஒருத்தியும் நுழைய முடிகிறது. சொற்களற்ற இசைக்கும் இந்த வசதி உண்டு. அது யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

இதைப் பெண்களுக்குத் தனியாக விளக்கத் தேவையில்லை. திரைப்பாடல் கேட்டு வளர்ந்த நமக்கு இசை என்றாலே யாரோ ஒருவன் நம்மைப் பார்த்துப் பாடுவதுதான். கண், இடை, கூந்தல், கோபம், பதில் சொல்லாத வாய் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுவான். பெண் குரலே பாடினாலும் சொற்களைப் பெரும்பாலும் ஓர் ஆண் எழுதியிருப்பான். அதே இளையராஜாவின் நூற்றுக்கணக்கான பாடல்களும் இதற்கு விலக்கல்ல. இந்தத் தொகுப்பில் மட்டும் அந்தப் பார்வை இல்லை. வகுப்பில் இன்னொரு மாணவி சொன்னாள்: “பாட்டே இல்லாததுதாம்மா எனக்குப் பிடிச்சது. யாரும் என்னைப் பாக்கல.”

அந்த இரண்டு மாணவிகளும் சொன்னதை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒருத்தி, இங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, நிம்மதி என்கிறாள். மற்றவள், அங்கே ஒருத்தி இருந்தாளே, அவள் பெயரை ஏன் யாரும் சொல்லவில்லை என்கிறாள். இரண்டும் பெயரில்லாமைதான். ஆனால் ஒன்றல்ல. உணர்வு எல்லோருக்கும் பொதுவாகட்டும் என்று பெயரை விலக்கி வைப்பது ஒன்று. வேலையை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுவது மற்றொன்று. முதல் வகையை இத்தொகுப்பு அழகாகச் செய்கிறது. இரண்டாவது வகை, தொகுப்பு யாருக்குக் காணிக்கையோ அந்த இருவரின் வீடுகளுக்குள்ளும் கிடக்கிறது.

*

பாக்கின் வீட்டுக்குப் போவோம். மேலே சொன்ன முன்னிசை அடங்கிய தனி வயலின் படைப்புகளை அவர் தன் கையால் நல்ல படியாக எழுதி வைத்த ஆண்டு 1720. அதே ஆண்டு கோடையில் அவர் தன் இளவரசரோடு கார்ல்ஸ்பாட் நகரத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது மனைவி மரியா பார்பரா இறந்து, அடக்கமும் முடிந்திருந்தது. சாவுச் செய்தி வீட்டு வாசலில் வைத்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அந்த இசைக்கும் இந்தச் சாவுக்கும் முடிச்சுப் போட எனக்குச் சான்று இல்லை. போடவும் மாட்டேன். அந்தச் சுரங்கள் எழுதப்பட்ட ஆண்டில் அந்த வீடு எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1721 டிசம்பரில் பாக், கேத்தன் அரண்மனையில் சம்பளம் வாங்கும் பாடகியாக இருந்த ஆன்னா மாக்டலேனாவை மணந்தார். இருபது வயதுப் பெண். மூத்தாள் பிள்ளைகளை வளர்த்தாள், தானும் பதின்மூன்று பெற்றாள், அவற்றில் ஏழைச் சிறுவயதிலேயே இழந்தாள். இத்தனைக்கும் நடுவே கணவரின் இசைப் பிரதிகளைப் படியெடுத்தாள். பாக் செல்லோவுக்காக எழுதிய ஆறு தொகுதிகளின் மூலக் கையெழுத்துப் படி இன்று நம்மிடம் இல்லை. உலகம் முழுவதும் செல்லோ வாசிப்பவர்கள் நம்பியிருக்கும் முதன்மையான படிகளில் ஒன்று ஆன்னா மாக்டலேனாவின் கையெழுத்தில் இருப்பது. தனி வயலின் படைப்புகளையும் அவள் படியெடுத்திருக்கிறாள். 1750இல் பாக் இறந்தார். அதன்பின் பத்தாண்டுகள் வாழ்ந்து, 1760இல் லைப்சிக் நகரில் தர்ம உதவி பெறும் ஏழை விதவையாக அவள் இறந்தாள்.

செல்லோ தொகுதிகளை எழுதியதே அவள்தான் என்று சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாதம் எழுந்தது. பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. அந்த வாதம் எனக்குத் தேவையுமில்லை. அவளைப் பாராட்ட அவளை இன்னொரு பாக் ஆக்க வேண்டுமா? படியெடுப்பது வேலை. மெழுகுவத்தி வெளிச்சத்தில், தொட்டிலுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு சுரமாகப் பார்த்து எழுதிய வேலை. ஓலை பெயர்த்தெழுதியவர்கள் இல்லாமல் நமக்குச் சங்க இலக்கியம் இல்லை என்பது தமிழ் மாணவர்களுக்குத் தெரியும். இளையராஜாவின் வீட்டுக்குப் பாக் வந்தபோது அவர் கக்கத்தில் இடுக்கியிருந்த தாள்களில் சில ஆன்னா மாக்டலேனா எழுதியவை.

*

மற்ற விருந்தாளி தியாகராஜர். தொகுப்பின் இன்னொரு துண்டு ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’. சேம்பர் இசை என்றால் அறை இசை. பெரிய மண்டபத்துக்காக அல்லாமல் சிறிய கூடத்தில், சிலருக்காக வாசிக்கப்படுவது. ஓர் அறை தியாகராஜரை வரவேற்கிறது என்கிறது தலைப்பு.

தியாகராஜருக்கு ஓர் அறையைக் கட்டித் தந்தது யார்? திருவையாற்றில் காவிரிக் கரையில் பாழாகிக் கிடந்த அவருடைய சமாதி இருந்த நிலத்தை வாங்கிக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952). தேவதாசி மரபில் வந்தவர். பாடிச் சம்பாதித்த சொத்தை அதற்காகச் செலவழித்தார். 1926இல் குடமுழுக்கு நடந்தது. ஆனால் அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. காசு அவருடையது, கட்டடம் அவருடையது, பாட்டு மட்டும் ஆண்களுடையது. அவர் சளைக்கவில்லை. பெண் கலைஞர்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் குழுக்கள் ஒன்றானபின்தான் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் நிலை வந்தது. அதே நாகரத்தினம்மாள்தான் பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சை அரசவையின் முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்துவனம்’ என்ற காவியத்தை 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். முந்தைய பதிப்பில் பெண்ணின் வேட்கையைப் பேசும் பகுதிகளையும் அவள் தன் பரம்பரையைச் சொல்லும் பகுதியையும் வெட்டிவிட்டார்களே என்ற கோபம் அவருக்கு. மறு ஆண்டே நூல் ஆபாசம் என்று தடை செய்யப்பட்டது. விடுதலைக் காலத்தை ஒட்டித்தான் தடை நீங்கியது. ஆணின் சமாதிக்குக் கூரை போட்டவரையும் பெண்ணின் நூலை மீட்டவரையும் ஒரே ஆளாகப் பார்த்தால்தான் நாகரத்தினம்மாள் புரிவார். பக்தை என்று மட்டும் சொல்லித் திருவையாற்றில் உட்கார வைப்பது பாதிப் பெயரைச் சொல்வது.

அறை இசையும் நமக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்தது அதுதான். ஒலிபெருக்கி இல்லை. வீணையின் மெல்லிய நாதம் கேட்க வேண்டுமானால் வந்தவர்கள் மூச்சுச் சத்தத்தைக்கூட அடக்க வேண்டும். நகரத்தின் பெரிய வித்துவான்கள் அந்தச் சிறிய கூடத்தில் வாய்மூடி உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் குடும்பத்திலிருந்து பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாலசரஸ்வதியும் வந்தார்கள். இசையை வெள்ளிக்கிழமைக் கூடத்திலிருந்து சபா மேடைக்குக் கொண்டுபோனபோது மரியாதை கூடியது என்கிறோம். யாருக்குக் கூடியது என்று கேட்க வேண்டும். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது முதல் பெண்ணான எம்.எஸ். சுப்புலட்சுமியை எட்டியது 1968இல். பக்கவாத்தியத்துக்குப் பெண் வேண்டாம் என்று மறுத்த ஆண் பாடகர்கள் பலர் இருந்த உலகம் அது. வயலின் கலைஞர்களில் முதல் பெண்ணாக ஏ. கன்யாகுமரி அந்த விருதைப் பெற 2016 வரை ஆனது.

இத்தனையும் இளையராஜாவின் குற்றமா என்று கேட்டால், இல்லை. ‘டோன்ட் கம்பேர்’ என்று தொகுப்பிலேயே ஒரு துண்டு இருக்கிறது. ஒப்பிடாதே என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஓர் இசைத்தொகுப்பிடம் வரலாற்றின் கடனையெல்லாம் வசூலிக்க முடியாது. என் கவலை கேட்பவர்களாகிய நம்மைப் பற்றியது. இரண்டு மேதைகள் சந்தித்தார்கள் என்ற கதையை நாம் உடனே நம்பிவிடுகிறோம். மேதைகள் தனியாக வருகிறார்கள், தனியாக உட்காருகிறார்கள் என்று நம்பப் பழகியிருக்கிறோம். நான் வகுப்பில் விளக்கியதும் அப்படித்தான். கேள்வி மாணவியிடமிருந்து வர வேண்டியிருந்தது.

*

மறுநாள் ‘வீடு’ திரையிட்டேன். 1988இல் வந்த அந்தப் படத்தில் பாடல் கிடையாது. பின்னணி இசையாக ஒலிப்பது ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பின் பகுதிகள். படத்துக்காக எழுதப்படாத இசை அந்தப் படத்தில் போய் உட்கார்ந்தது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அலுவலகத்தில் வேலை செய்யும் சுதா, தாத்தாவோடும் தங்கையோடும் வாடகை வீட்டில் இருக்கிறாள். வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தாத்தாவின் நிலத்தில் ஒரு பகுதியை விற்று, கடன் வாங்கி, ஒரு சிறிய வீடு கட்டத் தொடங்குகிறாள். அனுமதி, கடன், ஒப்பந்தக்காரர், சிமென்ட் என்று ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஒரு கை அவளைத் தடுக்கிறது. சிமென்ட் களவு போவதை அவளுக்குத் தெரியப்படுத்துவது மங்கம்மா என்ற சித்தாள். சுதாவாக அர்ச்சனா, தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர், மங்கம்மாவாகப் ‘பசி’ சத்யா. பாதி முடிந்த வீட்டைப் பார்த்துவிட்டுத் தாத்தா இறந்துபோகிறார். கடைசியில் நிலமே குடிநீர் வாரியம் எடுத்துக்கொண்ட இடம் என்று தெரிகிறது. வீடு முடியாமலே படம் முடிகிறது. தன் தாய் வீடு கட்டப் பட்ட பாட்டின் நினைவிலிருந்து இப்படம் பிறந்ததாகப் பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். கதைக்கான பெயர், அவருடைய மனைவி அகிலாவுடையது. இயக்குநர், இசையமைப்பாளர் என்று இரண்டு பெயர்களை மட்டும் சொல்லி இப்படத்தைப் பற்றிப் பேசி முடிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நானும் அப்படிப் பல வகுப்புகள் எடுத்திருக்கிறேன்.

இந்தப் படத்தில் அதே வயலினைக் கேட்கும்போது ஏக்கத்துக்கு ஒரு முகவரி கிடைக்கிறது. தனியாகக் கேட்கையில் அது தத்துவார்த்தமான தனிமை. ஒரு மேதை இன்னொரு மேதையை நினைத்து ஏங்குவது. சுதா வெயிலில் நடக்கும்போது அது, நாலு சுவர் வேண்டும் என்ற மிக எளிய ஆசையாகிறது. அந்த இசையில் ஒரு சுரமும் மாறவில்லை. கேட்கும் ஆள் மாறியிருக்கிறாள். ‘என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்’ என்று சொல்ல முதலில் வீடு என்று ஒன்று வேண்டும். அதற்குள் ஒருவர் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போகாமல் எதிரே உட்கார்ந்து பேசும் உரிமையும் வேண்டும். சுதாவுக்கு முதலாவதே கிடைக்கவில்லை. நம்மில் பலருக்கு முதலாவது கிடைத்துவிட்டது, இரண்டாவதற்கு இன்னும் மனுப்போட்டுக்கொண்டிருக்கிறோம்.

என்னைப் பொறுத்தவரை இத்தொகுப்பின் நிறைவான கேட்பு ‘வீடு’ படத்தில்தான் இருக்கிறது. மேதைகளின் கூடத்திலிருந்த இசை, சிமென்ட் மூட்டை எண்ணும் பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது அதன் தரம் குறையவில்லை. அதன் வலிமை எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது.

*

படம் முடிந்ததும் மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். எப்படிப் பெயரிடுவது என்று அவர் கேட்டிருக்கிறாரே, நீங்கள் பெயர் வையுங்கள், பத்துத் துண்டில் எது பிடிக்கிறதோ அதற்கு என்றேன். சங்க காலத்தில் காக்கையைப் பாடியதால் நச்செள்ளையார் காக்கைபாடினியார் ஆனதை நினைவூட்டினேன். பாடியதைக் கொண்டு பெயர் வருவது நமக்குப் பழக்கம்தான்.

வந்த தாள்களில் ‘கண்ணீர்’, ‘மௌன ராகம்’ போன்றவை நிறைய. சில என்னை நிறுத்தின. ‘விடுதிக் கதவு பூட்டும் நேரம்’ என்று ஒருத்தி. ‘ஓமலூர் பஸ், ஜன்னல் ஓரம்’ என்று ஒருத்தி. ‘அப்பா ஊருக்குப் போன ஞாயிறு’ என்று இன்னொருத்தி, விளக்கம் எதுவும் எழுதாமல்.

கொலுசுப் பட்டறை வீட்டுப் பெண் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ துண்டுக்கே பெயர் வைத்திருந்தாள். வீட்டில் அம்மாவுக்குப் போன் வழியாக அதைப் போட்டுக் காட்டினாளாம். அம்மா கையை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, “இது யாரு, நிக்காம வேலை செய்யறாங்க” என்றாராம். மூச்சு விடாமல் ஓடும் பாக்கின் சுரங்களைப் பற்றி நான் வகுப்பில் பத்து நிமிடம் பேசியிருந்தேன்.

தாளில் அவள் எழுதியிருந்த பெயர்: ‘நிக்காம வேலை செய்யறவங்க’. அடைப்புக்குறிக்குள், பெயர் வைத்தவர் என்று போட்டுத் தன் அம்மாவின் பெயரை எழுதியிருந்தாள். அவர் அனுமதி கேட்காததால் அதை இங்கே நான் எழுதவில்லை. என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.